அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் ஏன் கடுமையாவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: இவ்வளவு நடந்தும் ஏன் ஒரு சட்டம் போடமாட்டேன் என்கிறார்கள்? மகனோ மகளோ அங்கே குடியிருக்கும் வீடுகளில் இது வெறும் உலகச் செய்தி இல்லை. பேரப்பிள்ளை பள்ளியில் கதவைப் பூட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் பதுங்கப் பயிற்சி எடுக்கிறது. கோபம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் சட்டம் எந்த இடத்தில், யார் கையில் மாட்டிக்கொள்கிறது என்பது பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதைத்தான் இங்கே கேள்வி கேள்வியாகப் பார்க்கிறோம்.

அமெரிக்க மக்களே கடுமையான சட்டத்தை விரும்பவில்லை என்கிறார்களே, உண்மையா?

எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஆமாம் என்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்புகள் இதையேதான் காட்டுகின்றன. துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பெரும்பாலோர் இதை ஏற்கிறார்கள். கைத்துப்பாக்கியையே தடை செய்யலாமா என்று கேட்டால் மூன்றில் ஒரு பங்கு ஆதரவுகூடத் தேறாது.

ஆகவே துப்பாக்கியே கூடாது என்று சொல்லும் நாடு இல்லை அது. 2017 நிலவரப்படி பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்ததாக ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. அன்றைய மக்கள்தொகையைவிட அது அதிகம். ஆனால் வாங்குபவர் யார் என்று பார்த்துக் கொடுங்கள் என்ற சின்னக் கோரிக்கைக்குப் பெரும்பான்மை நிச்சயம் இருக்கிறது. அதுவும் நாடாளுமன்றத்தில் தோற்கிறது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பின்னணிச் சோதனை ஏற்கெனவே இருக்கிறதே?

பாதிதான் இருக்கிறது. 1981இல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரில் ஒரு சட்டம் வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்படி உரிமம் பெற்ற கடைக்காரர் சோதனை செய்த பிறகே விற்க வேண்டும். ஆனால் ஒரு தனிநபர் தன் துப்பாக்கியை அதே மாநிலத்திலுள்ள இன்னொருவருக்கு விற்றால், கூட்டாட்சிச் சட்டப்படி சோதனை கட்டாயமில்லை. சில மாநிலங்கள் தாங்களாகவே இந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன. பல மாநிலங்கள் அடைக்கவில்லை.

கடையிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று வேலை நாட்களுக்குள், சோதனையை நடத்தும் எஃப்.பி.ஐ.யிடமிருந்து பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்லஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த வழியில்தான்.

சாண்டி ஹூக்குக்குப் பிறகுமா எதுவும் நடக்கவில்லை?

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயது. இதற்குப் பிறகாவது ஏதாவது மாறும் என்று உலகமே நம்பியது.

மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் இருவர்: ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சின், குடியரசுக் கட்சியின் பாட் டூமி. இருவருமே துப்பாக்கி உரிமைச் சங்கமான என்.ஆர்.ஏ.விடம் 'ஏ' கிரேடு வாங்கியவர்கள். மசோதாவும் மிக மென்மையானது. கண்காட்சிகளிலும் இணையம் வழியாகவும் நடக்கும் விற்பனைக்குப் பின்னணிச் சோதனை வேண்டும் என்றது. குடும்பத்துக்குள் கைமாறினால் வேண்டாம். அரசு துப்பாக்கிப் பதிவேடு வைப்பது குற்றம் என்று மசோதாவிலேயே எழுதியிருந்தார்கள்.

2013 ஏப்ரல் 17 அன்று நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. மசோதா தோற்றது. குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வாஷிங்டனில் இருந்தார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து "வெட்கக்கேடு" என்று குரல் எழுந்தது.

54 பெரியதா, 46 பெரியதா? எப்படித் தோற்கும்?

செனட்டில் மொத்தம் 100 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போவதற்கே 60 பேர் சம்மதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நடைமுறை. இதை ஃபிலிபஸ்டர் என்பார்கள். இது அரசியல் சாசனத்தில் இல்லை, செனட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி. 60 என்ற எண்ணே 1975இல்தான் வந்தது. நினைத்தால் செனட்டே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு நாம் சிறுபான்மையானால் இதுதானே கேடயம் என்ற கணக்கில் இரண்டு கட்சிகளும் கைவைக்கத் தயங்குகின்றன.

அதற்கும் அடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சுமார் 3.9 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள். ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள். துப்பாக்கி வைத்திருப்போர் அதிகமுள்ள கிராமப்புற மாநிலங்களின் குரல் அங்கே அவற்றின் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிது. கீழவையான பிரதிநிதிகள் சபை 2019இலும் 2021இலும் அனைவருக்கும் பின்னணிச் சோதனை என்ற மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. செனட் இரண்டு முறையும் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

2013இல் இன்னொன்றும் நடந்தது. அலாஸ்கா, ஆர்கன்சா, மொன்டானா, வடக்கு டகோட்டா ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் நால்வர் தம் கட்சியையே கைவிட்டு எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் அலாஸ்கா, ஆர்கன்சா செனட்டர்கள் அடுத்த ஆண்டு தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. பதவியைக் காப்பாற்ற அப்படி வாக்களித்தார்கள் என்றால், அதுவும் பலிக்கவில்லை. இருவருமே தோற்றார்கள்.

எல்லாம் என்.ஆர்.ஏ. கொடுக்கும் பணம்தானே காரணம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பதில் ஓரளவுக்குத்தான் ஆமாம்.

என்.ஆர்.ஏ. என்கிற தேசிய ரைஃபிள் சங்கம் 1871இல் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது. 1934இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அரசோடு பேசி ஒத்துப்போன சங்கம்தான் அது. 1977இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் தீவிரப் போக்குள்ளவர்கள் ஒரே இரவில் பழைய தலைமையை வீழ்த்திச் சங்கத்தைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பிறகு வேட்டையும் விளையாட்டும் பின்னால் போய், அரசியல் முன்னால் வந்தது.

பணம் கொடுக்கிறார்கள், சந்தேகமில்லை. 2016இல் டிரம்ப்பை ஆதரித்து மூன்று கோடி டாலருக்கு மேல் செலவிட்டார்கள். ஆனால் ஒரு செனட்டருக்கு நேராகக் கொடுக்கும் தொகை அவருடைய மொத்தத் தேர்தல் செலவில் சொற்பம். கட்டுப்பாடு கேட்கும் பக்கத்திலும் இன்று பணம் இருக்கிறது. நியூயார்க்கின் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க் பின்னால் நிற்கும் எவ்ரிடவுன் போன்ற அமைப்புகள் 2018 இடைக்காலத் தேர்தலில் என்.ஆர்.ஏ.வைவிட அதிகம் செலவிட்டன. பணம் மட்டுமே காரணம் என்றால் சட்டம் அப்போதே வந்திருக்க வேண்டும்.

என்.ஆர்.ஏ.வின் உண்மையான பலம் அதன் மதிப்பெண் பட்டியல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை கிரேடு போட்டு, அதை உறுப்பினர்களின் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வாக்குச் சாவடிக்குப் போகிறவர் வேறு எதையும் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டை ஆதரிக்கும் பத்தில் ஒன்பது பேருக்கோ விலைவாசி, வேலை, மருத்துவச் செலவு, கருக்கலைப்பு உரிமை என்று வரிசையாகக் கவலைகள். துப்பாக்கிச் சட்டம் அதில் நான்காவதோ ஐந்தாவதோ. ஒரு பிரதிநிதி கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆதரித்து வாக்களிப்பதால் நன்றியோடு திரும்பி வருபவர்கள் கொஞ்சம். எதிரியாகிறவர்கள் அத்தனை பேரும் மறக்காமல் வந்து நிற்பார்கள். என் பார்வையில் மொத்தப் பிரச்சினையின் கழுத்து இதுதான்.

இதற்கு ஆதாரம் என்.ஆர்.ஏ.வின் வீழ்ச்சியே. சங்கப் பணத்தைச் சொந்த ஆடம்பரத்துக்குச் செலவிட்ட வழக்கில் அதன் நீண்டகாலத் தலைவர் வெய்ன் லாப்பியர் 2024 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதமே நியூயார்க் ஜூரி அவர் தவறு செய்தவர் என்று தீர்ப்பளித்தது. சங்கம் இன்று பழைய பலத்தில் இல்லை. அதனால் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், மசோதா நகர்ந்ததா? இல்லை. பயம் சங்கத்திடமிருந்து கட்சிக்குள்ளேயே குடிபெயர்ந்துவிட்டது.

அந்தப் பயம் எங்கிருந்து ஆரம்பித்தது?

1994. அந்த ஆண்டு சில வகைத் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கும் பெரிய மேகசின்களுக்கும் (தோட்டா நிரப்பும் பெட்டிகளுக்கும்) பத்தாண்டுத் தடை வந்தது. பிரதிநிதிகள் சபையில் தடை மசோதா 216க்கு 214 என்று இரண்டே வாக்கில் தப்பியது. அதே நவம்பரில் ஜனநாயகக் கட்சி 54 இடங்களை இழந்தது. 40 ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த சபை பறிபோனது. சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. கிளிண்டனின் மருத்துவத் திட்டமும் வரி உயர்வும் வாக்காளர்களைக் கோபப்படுத்தியிருந்தன. ஆனால் கட்சிக்காரர்கள் மனத்தில் தங்கிய பாடம் ஒன்றுதான்: துப்பாக்கியைத் தொட்டால் சுடும். 2004இல் தடை காலாவதியானபோது அதைப் புதுப்பிக்க யாரும் உயிரைக் கொடுத்துப் போராடவில்லை.

குடியரசுக் கட்சியில் மனசாட்சி உள்ளவர் ஒருவர்கூட இல்லையா?

இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், கருப்பின மக்கள் வாழும் பகுதியின் சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வட்டாரத்தின் குடியரசுக் கட்சிப் பிரதிநிதி கிறிஸ் ஜேக்கப்ஸ். முன்பு என்.ஆர்.ஏ. ஆதரவு பெற்றவர். பத்து நாளில் டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த வாரக் கடைசியில் ஜேக்கப்ஸ் வெளிப்படையாகச் சொன்னார்: ஏ.ஆர்.15 போன்ற தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தால் ஆதரிப்பேன். ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்த உள்ளூர்க் கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். சொல்லி ஒரு வாரம் ஆவதற்குள் அவர் மறுதேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. தேர்தல் களம் வரை போகவே இல்லை.

இன்னொருவர் டோனி கொன்சாலஸ். யுவால்டி அன்று அவருடைய தொகுதியில் இருந்தது. 2022இல் வந்த மிதமான சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அடுத்த ஆண்டு டெக்சஸ் குடியரசுக் கட்சி அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. காட்டிய காரணங்களில் இந்த வாக்கும் ஒன்று. 2024 உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் துப்பாக்கி வீடியோக்கள் போடும் ஒரு யூடியூபர். கொன்சாலஸ் சுமார் 400 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார்.

இங்கே உட்கட்சித் தேர்தலைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. கட்சி வாக்காளர்களே ஒரு முன்தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. அங்கே உண்மையான போட்டியே அந்த முன்தேர்தல்தான். அதில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு, வருபவர்களில் தீவிரமானவர்கள் அதிகம். நாடு முழுவதும் பத்தில் ஒன்பது பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்தப் பிரதிநிதியின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

அப்படியென்றால் 2022இல் மட்டும் எப்படிச் சட்டம் வந்தது?

ஏறக்குறைய 30 ஆண்டுகளில் வந்த முதல் பெரிய கூட்டாட்சிச் சட்டம் அது. யுவால்டி படுகொலை மே 24. பைடன் கையெழுத்திட்டது ஜூன் 25. கனெக்டிகட்டின் கிறிஸ் மர்ஃபியும் டெக்சஸின் ஜான் கார்னினும் உட்கார்ந்து பேசி, எதிர்ப்பு திரளுவதற்குள் முடித்தார்கள். சாண்டி ஹூக்கிலிருந்து வாக்கெடுப்புக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் எதிர்ப்பு முழுப் பலத்தோடு திரண்டுவிட்டது. வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்.

செனட்டில் ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் 15 பேர். அந்த நவம்பரில் வாக்காளர்களைச் சந்திக்க வேண்டியவர்கள் அவர்களில் இருவர் மட்டுமே. ஒருவர் உட்கட்சித் தேர்தலை ஏற்கெனவே முடித்துவிட்டவர். இன்னொருவர் அலாஸ்காவின் முர்க்கோவ்ஸ்கி. அங்கே முன்தேர்தலே எல்லாக் கட்சிக்கும் பொது. மேலும் நால்வர் ஓய்வு பெறப் போகிறவர்கள். கார்னின் தன் சொந்த மாநிலக் கட்சி மாநாட்டில் மேடை ஏறியபோது கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது.

சட்டத்தில் கிடைத்தவை: 21 வயதுக்குக் குறைந்தவர் வாங்கும்போது கூடுதல் சோதனை, துணையை அடித்துத் தண்டனை பெற்றவருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும் தடை, பிறர் பெயரில் வாங்கிக் கொடுப்பது கூட்டாட்சிக் குற்றம், மாநிலங்களுக்கு நிதி. கிடைக்காதவை: அனைவருக்கும் பின்னணிச் சோதனை, தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடை, வாங்கும் வயதை 21 ஆக்குவது. யுவால்டிக் கொலையாளி 18 வயது நிரம்பிய சில நாட்களில் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கியோடுதான் பள்ளிக்குள் போனான்.

நாடாளுமன்றத்தை விட்டுவிட்டு மக்களிடமே நேரடியாக வாக்கெடுப்பு நடத்தினால்?

சில மாநிலங்களில் நடத்தியிருக்கிறார்கள். முடிவுகள் என்னைப் போலக் கட்டுப்பாட்டை விரும்புகிறவர்களுக்குக் கசப்பானவை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2014இல் வாஷிங்டன் மாநிலத்தில் அனைவருக்கும் பின்னணிச் சோதனை 59 சதவீத ஆதரவோடு வென்றது. 2016இல் நெவாடாவில் 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டியது. அதே நாளில் மெய்ன் மாநிலத்தில் தோற்றே போனது.

தொலைபேசியில் கேட்டால் பத்தில் ஒன்பது பேர். வாக்குச் சீட்டில் பாதிக்குப் பாதி. ஏன்? எதிர்ப் பிரச்சாரம் வந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. "குற்றவாளிக்குத் துப்பாக்கி வேண்டாம்தானே?" என்பது போய், "வேட்டைக்குப் போகும்போது நண்பனுக்குத் துப்பாக்கியை இரவல் கொடுத்தால் நீ குற்றவாளியா?" என்று ஆகிவிடுகிறது. வென்ற நெவாடாவிலும் சட்டம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. அந்தச் சோதனைகளை எங்களால் செய்ய முடியாது என்று எஃப்.பி.ஐ. சொல்ல, அதைக் காட்டி மாநில அட்டர்னி ஜெனரல் நடைமுறைப்படுத்த இயலாது என்று கைவிரித்தார். 2019இல் சட்டமன்றம் புதிதாகச் சட்டம் இயற்றிய பிறகுதான் நடந்தது.

இரண்டாம் திருத்தம் இருக்கும்வரை எதுவும் செய்ய முடியாதா?

அரசியல் சாசனத்தில் 1791இல் சேர்க்கப்பட்ட ஒரே ஒரு வாக்கியம் அது. ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர அரசின் பாதுகாப்புக்குத் தேவை, ஆகவே ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படக் கூடாது என்கிறது. அது குடிப்படைக்கான உரிமையா, தனிமனித உரிமையா என்ற வழக்கை 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் தீர்ப்பில் ஐந்துக்கு நான்கு என்று முடித்தது: தனிமனித உரிமைதான். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்கேலியா இந்த உரிமை எல்லையற்றது இல்லை என்றும் எழுதினார். குற்றவாளிகளுக்குத் தடை, பள்ளி வளாகத்தில் தடை எல்லாம் செல்லும்.

நிலைமை உண்மையில் இறுகியது 2022 ஜூனில் வந்த புரூவன் தீர்ப்பில். பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க்கில் நூறு ஆண்டுக்கு மேல் இருந்த விதியை ஆறுக்கு மூன்று என்று ரத்து செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றார்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்கு அது எவ்வளவு உதவும் என்று எடைபோட்டுப் பார்க்கும் பழைய முறை போய்விட்டது. இதனால் கீழ் நீதிமன்றங்கள் தடுமாறின. மனைவியையோ காதலியையோ தாக்கியதால் நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவன்கூடத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போயிற்று. 2024இல் ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றமே அதைத் திருத்தியது.

அதே 2024இல் இன்னொரு தீர்ப்பு. 2017இல் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் 60 உயிர்களைப் பறித்த தாக்குதலில் பம்ப் ஸ்டாக் என்ற கருவி பயன்பட்டது. சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியின் வேகத்துக்கு அருகில் சுட வைக்கும் அது. டிரம்ப் அரசே அதைத் தடை செய்தது. காங்கிரஸ் சட்டம் இயற்றாமல் நிர்வாக விதியாகப் போட்டதால், அந்தத் தடை செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பத்தி அளவு சட்டம் போதும், சரிசெய்துவிடலாம். காங்கிரஸ் அதைச் செய்யவில்லை.

சாசனத்தையே திருத்தினால் என்ன?

இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50இல் 38 மாநிலங்கள். இன்றைய கட்சிப் பிளவில் நடக்காது.

இருக்கிற சட்டத்தையாவது ஒழுங்காக நடைமுறைப்படுத்தலாமே?

அதற்கும் முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு அலுவலகத்தைப் பார்த்தால் புரியும்.

மேற்கு வர்ஜினியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். துறையின் தேசியத் தடமறியும் மையம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று போலீஸ் கேட்டால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்தான். கணினியில் எண்ணைத் தட்டினால் பெயர் வராது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு வைப்பதைத் தடுக்கிறது. எனவே ஊழியர், துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனத்துக்குப் போன் செய்கிறார், அது சொன்ன மொத்த வியாபாரிக்குப் போன் செய்கிறார், பிறகு கடைக்கு. கடை மூடப்பட்டிருந்தால் அதன் பழைய ரசீதுகள் அட்டைப்பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க் வந்து சேர்ந்திருக்கும். அவற்றை ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கக் கூடாது. கையெழுத்துப் பக்கங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். பதிவேடு வந்தால் நாளை அரசு வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பறிக்கும் என்ற அச்சத்துக்குக் காங்கிரஸ் கொடுத்த விலை இது.

இந்தத் துறையின் இயக்குநருக்கு செனட்டின் ஒப்புதல் தேவை என்று 2006இல் விதி வந்தது. அதன் பிறகு 2024 முடிய ஒப்புதல் கிடைத்தவர்கள் இரண்டே பேர். ஆராய்ச்சிக்கும் இதே கதி. 1996இல் வந்த டிக்கி திருத்தத்தால் துப்பாக்கி மரணங்களைப் பற்றி அரசு நிதியில் நடக்கும் ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய நின்றே போனது. 2019 டிசம்பரில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா?

அப்படி நினைத்தால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. போலீஸ் வண்டி வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர்களில் தனியாக வாழும் பெண்ணுக்குத் துப்பாக்கி ஒரு தைரியம். அப்பா பிள்ளைக்கு மான் வேட்டை சொல்லிக்கொடுப்பது பல குடும்பங்களில் வழிவழி வந்த பழக்கம். அவர்களுக்குக் கட்டுப்பாடு கேட்பவர் தங்களை இளக்காரமாகப் பார்க்கும் நகரத்துக்காரராகத் தெரிகிறார். இன்று சோதனை என்பார்கள், நாளை பதிவேடு, மறுநாள் பறிமுதல் என்ற சந்தேகம் ஆழமானது. ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும், தடை வரப்போகிறது என்ற பேச்சில் விற்பனை எகிறுவதற்கும் இதுவே காரணம்.

கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஷ்யாமளா கோபாலனின் மகள், துளசேந்திரபுரத்துக்காரர்கள் பூஜை செய்து வாழ்த்தியவர். துணை அதிபராக இருந்தபோது துப்பாக்கி வன்முறைத் தடுப்புக்கான வெள்ளை மாளிகை அலுவலகம் அவர் மேற்பார்வையில் இருந்தது. அவரே 2024 விவாத மேடையில், நானும் துணை அதிபர் வேட்பாளர் வால்ஸும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான், யாருடைய துப்பாக்கியையும் பறிக்கப் போவதில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. தேர்தலில் தோற்றார். டிரம்ப் பதவியேற்றதும் அந்த அலுவலகம் மூடப்பட்டது.

ஆஸ்திரேலியா செய்து காட்டியதே?

1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட 12 நாட்களில் மத்திய, மாநில அரசுகள் உடன்பட்டன. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. செய்தவர் பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட் என்பது முக்கியம். ஆனால் அங்கே ஆயுத உரிமை சாசனத்தில் இல்லை. நியூசிலாந்தில் 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் 119க்கு 1 என்று சட்டம் நிறைவேறியது. அங்கே இருப்பது ஒரே அவை. அமெரிக்க முறையில் ஒரு மசோதாவை நிறுத்த ஏழெட்டு இடங்கள் உண்டு. எதிர்ப்பவருக்கு அதில் ஒன்று போதும்.

மாநிலங்களில் நிலைமை பரவாயில்லையா?

சில இடங்களில் ஆமாம். 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட மூன்றே வாரத்தில் குடியரசுக் கட்சி ஆளும் ஃபுளோரிடாவே வாங்கும் வயதை 21 ஆக்கியது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. உயிர் தப்பிய மாணவர்களே தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய் நின்றார்கள். அதே ஃபுளோரிடாவில், நகராட்சி தனியாகத் துப்பாக்கி விதி போட்டால் அதற்கு வாக்களித்த கவுன்சிலருக்கு 5,000 டாலர் வரை அபராதம் என்ற சட்டமும் இருக்கிறது.

டெக்சஸில் 2023 மே மாதம் ஆலன் என்ற ஊரின் வணிக வளாகத்தில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, வயதை 21 ஆக்கும் மசோதா சட்டமன்றக் குழுவில் எதிர்பாராமல் 8க்கு 5 என்று தேறியது. யுவால்டிப் பெற்றோர் தாழ்வாரத்தில் நின்று அழுதார்கள். அடுத்த நாளே கெடு முடிந்தது. மசோதா அவையின் பட்டியலில் ஏறவே இல்லை.

கொலராடோ நேர்மாறான கதை. 2013இல் மேகசினுக்கு 15 தோட்டா வரம்பும் அனைவருக்கும் சோதனையும் கொண்டுவந்தார்கள். அதே செப்டம்பரில் மாநில செனட் தலைவர் ஜான் மோர்ஸையும் இன்னொரு உறுப்பினரையும் வாக்காளர்கள் திரும்ப அழைத்துப் பதவி நீக்கினார்கள். மோர்ஸ் தோற்றது சில நூறு வாக்குகளில். ஆனால் அவர்கள் போட்ட சட்டம் ரத்தாகவில்லை. 2025இல் அதே மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், சில செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளை வாங்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

பள்ளிச் சம்பவங்கள்தான் பெரும்பகுதி மரணங்களா?

இல்லை. 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. மீதியிலும் பெரும்பாலானவை செய்தியில் வராத தெருக் கொலைகளும் வீட்டுச் சண்டைகளும். இந்த மரணங்களுக்குத் தொலைக்காட்சி வண்டி வருவதில்லை; ஆகவே அரசியல் நெருக்கடியும் வருவதில்லை. வாங்கிய பிறகு சில நாட்கள் காத்திருப்பு, வீட்டில் பூட்டி வைக்கும் கட்டாயம் போன்ற எளிய விதிகள் இங்கேதான் உயிர் காக்கும். அவற்றைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

அங்கே குடியுரிமை பெற்ற தமிழர்கள் என்ன செய்ய முடியும்?

நவம்பர்த் தேர்தலுக்கு மட்டும் போகாதீர்கள், முன்தேர்தலுக்குப் போங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டெக்சஸில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. எந்தக் கட்சியின் முன்தேர்தலில் வாக்களிப்பது என்று அன்றைக்குத் தேர்ந்தெடுக்கலாம். நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் பதியாதவர் முன்தேர்தல் நாளில் சாவடியிலேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். கொன்சாலஸ் தப்பித்தது 400 வாக்கில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவ்வளவு பேர் இருப்பார்கள். உங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினர் யார் என்று பாருங்கள், அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அப்புறம், பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது உணவு ஒவ்வாமையைப் பற்றிப் பேசுகிறீர்கள் அல்லவா, அதே மூச்சில், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். அங்கே பல பெற்றோர் இதைச் சகஜமாகக் கேட்கிறார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.